மணி நின்ற பிறகு

கால் கழுவ நேரமில்லாதவர்களின் மன்றம் எங்களுடையது.
சந்தை முளைக்கும் அன்று முளைத்து
சந்தை கலையும் அன்று கலையும்.
இரண்டு பீப்பாய், மேலே ஒரு பலகை,
பலகைக்குப் பின்னால் நகரத் தலைவர்,
அவருக்கு இடப்பக்கம் மைக்கூட்டோடு நான்.

புழுதிக்கால் மன்றம் என்பார்கள், ஏளனமாக.
சொல்லட்டும்.
இங்கிலாந்தில் வேறெங்கும்
பால் திரிவதற்குள் தீர்ப்பு கிடைக்காது.
கம்பளியில் ஈரம் ஏற்றி எடைபோட்டவன்,
குதிரைப் பல்லை அரத்தால் ராவி வயதைக் குறைத்தவன்,
எல்லாரையும் பார்த்தாயிற்று.
கடலோடிகள் வழக்கென்றால்
மூன்றாம் ஓதத்துக்குள் முடிக்கவேண்டும்.
ஓதம் யாருக்கும் வாய்தா கொடுக்காது.

கடைசி நாள் மாலை ஹாவிஸ் வந்தாள்,
கயிறு திரிப்பவள்,
மணிக்கட்டு வரை தார்.
"நாற்பது பாகம் கயிறு.
ப்ரூஜ் கப்பல்காரன் லீவனுக்கு.
கையடித்துக் கொடுத்தேன், காசு வரவில்லை."

"எப்போது கையடித்தாய்?
சந்தை மணி அடிக்கும்போதா, நின்ற பிறகா?"

யோசித்தாள்.
பொய் அவளுக்குக் கைவராத தொழில்.
"நின்ற பிறகுதான்."

இறகைத் துடைத்து வைத்தேன்.
மணிக்கு அப்பால் எங்களுக்குக் காதில்லை.

நகர மன்றம் திங்கட்கிழமை கூடும்.
அயலானை மூன்று முறை அழைக்கும்,
அழைப்புக்கு அழைப்பு ஒரு வாரம்.
பண்ணைப் பிரபுவின் காரியஸ்தரோ
அவள் புகாரைக் கேட்குமுன்
அப்பன் செத்த வகையில் வரவேண்டிய மாட்டைக் கேட்டார்.
அட்மிரலின் ஆள் கேட்டது ஒன்றே ஒன்று:
நீ நின்ற மணல் ஈரமா, காய்ந்ததா?
தண்ணீர் ஏறியிருந்தால் வழக்கு அவர்களுடையது,
இறங்கியிருந்தால் அரசருடையது.
அந்த மணலுக்கு
நாளொன்றுக்கு நான்கு முறை எசமான் மாறுகிறான்.

திருச்சபை மன்றம் மட்டும் உள்ளே விட்டது.
கொடுத்த வாக்கு முறிந்தால் பாவம்,
பாவம் அவர்கள் எல்லைக்குள்.
குற்றம் உறுதியானால் லீவன்
வெறுஞ்சட்டையோடு மெழுகுவர்த்தி ஏந்தி
மூன்று ஞாயிறு கோயிலைச் சுற்றுவான்.
"மெழுகுவர்த்தியை நான் என்ன செய்ய" என்றாள் ஹாவிஸ்,
"தின்னவா?"

இரவு துறையில் பீப்பாய்களை உருட்டிக்கொண்டிருந்தேன்.
அவள் கயிற்றிலேயே கட்டிக் கிடந்தது கப்பல்.

"எழுத்தரே, இந்தத் தறி யாருடையது?"
"பிரபுவுடையது."
"முடிச்சு?"
"நகரத்துடையது. அதற்குத்தான் துறைக்காசு."
"நடுவில் தொங்குவது?"
"ஏற்றமா வற்றமா என்று பார்க்கவேண்டும்."
"அந்த முனை?"
"அட்மிரல்."
"அப்படியானால் கயிறு?"

இருபது வருடம் சட்டம் எழுதிய கை என்னுடையது.
வாய் திறக்கவில்லை.
அவள் கையை நீட்டினாள்.
இறகு சீவும் சின்னக் கத்தி ஒன்று
எப்போதும் என் இடுப்பில் இருக்கும்.

இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போனாள்.
திரும்பி வந்து, அவசரமே இல்லாமல்,
தறியிலிருந்து முடிச்சை அவிழ்த்துச் சுருட்டினாள்.
இற்றுப்போன பழைய கயிறு ஒன்று
கொஞ்ச நேரம் தாங்கிப் பார்த்து, விட்டுவிட்டது.

விடிந்தபோது கப்பல் சேற்றுத் திட்டில்
எழுந்திருக்க மறுக்கும் மாடுபோல்
ஒருக்களித்துப் படுத்திருந்தது.
தொடைவரை சேறோடு லீவன் ஓடிவந்தான்.
"நீதி வேண்டும்! இப்போதே!"

பலகை என் தோளில் இருந்தது.
"சந்தை முடிந்தது ஐயா" என்றேன்.
திங்கட்கிழமையைச் சொன்னேன்,
மூன்று அழைப்புகளைச் சொன்னேன்,
பிரபுவை, அட்மிரலை, அரசரை,
ஒன்றும் விடாமல் சொன்னேன்.
"கயிறு போன இடத்தில் மணல்
ஈரமா, காய்ந்ததா என்று மட்டும்
நினைவில் வையுங்கள்."

அடுத்த ஓதத்துக்கு முன் அவனுக்குக் கயிறு வேண்டும்.
அந்த ஊரில் கயிறு ஒருத்தியிடம்தான் இருந்தது.
முப்பத்தொன்பதரைப் பாகம்.
காசு முதலில்.
மணியும் அடிக்கவில்லை, யாரும் கையடிக்கவுமில்லை.

என் கத்தியில் தார் வாசம் போகவில்லை.
அடுத்த சந்தையின் முதல் வழக்கு,
அளவு குறைந்த பீர் பற்றியது,
அந்த வாசத்தோடுதான் எழுதினேன்.