இயல்பைக் கற்கப் பதினான்கு நாள்

ஸ்ரான்லி வீதி, இரண்டாம் மாடி.
குளிரூட்டி மட்டும் கதைத்துக்கொண்டிருக்கும் அறை.
எனக்கு முன் இருந்த டெனிஸ்ரன்
சேர்வர்களுக்குத் தீவுகளின் பெயர் சூட்டிவிட்டுக்
கனடா போய்விட்டான்.
எழுவைதீவில் சேமிப்புக் கணக்கு,
அனலைதீவில் சம்பளப் பட்டியல்,
நெடுந்தீவில் நகை அடகு.
எல்லாவற்றுக்கும் வாசல்
குறிகட்டுவான்.

கண்காணிக்கும் ஏஜென்றை
ஒவ்வொரு தீவாக இறக்கினேன்.
"ஏஜென்ற் எண்டால்
எங்கட சனத்துக்கு வேற ஞாபகம் வரும் அக்கா"
என்றான் யூட் நிர்மலன்.
இவன் காணி உறுதி கேட்கமாட்டான்.
நினைவகத்தில் இருநூறு எம்பி கேட்பான்,
நடுக்காட்டில் விட்டுவிட்டு
போனை நிறுத்தவும் மாட்டான்.

நெடுந்தீவு பதில் தரவில்லை.
ஃபயர்வோலில் அதன் இறங்குதுறை பூட்டிக் கிடந்தது.
திறந்து உள்ளே போனால்
கடிகாரம் அரை மணி முந்தி ஓடுகிறது.
இரண்டாயிரத்து ஆறில்
நாடு நேரத்தைப் பின்னுக்கு நகர்த்தியதை
அதற்கு ஒருவரும் சொல்லவில்லை.

கடைசித் திரை கேட்டது:
இயல்பு நிலையைக் கற்க எத்தனை நாள்?
பெட்டிக்குள் ஏற்கெனவே பதினான்கு.
விரல் கொஞ்சம் தயங்கியது.
ஊரடங்கு தளர்ந்த ஒவ்வொரு முறையும்
பத்திரிகையில் வரும்,
யாழில் இயல்பு நிலை என்று.
அவர்கள் எத்தனை நாள் பார்த்துவிட்டு எழுதினார்கள்?
பதினான்கையே விட்டேன்.

மூன்றாம் இரவு, இரண்டு பத்து.
கொக்குவிலில் கறண்ட் இல்லை. கைபேசியில் சிவப்பு.
நெடுந்தீவு: பதில் நேரம்
பதினொரு நிமிடம்.
தடத்தை விரித்தேன்,
பனங்கிழங்கைக் கிழித்துத் தும்பு உரிப்பதுபோல்
அழைப்புக்குள் அழைப்பு, அதற்குள் இன்னொன்று.
அடியில் ஒரேயொரு வினவல்.
மீட்கப்படாத சீட்டுகளை எடுத்து
அடகு வைத்த நாளிலிருந்து
நாள் நாளாக வட்டி போடுகிறது.
முடித்ததை மறந்துவிட்டு
மறுநாளும் முதலிலிருந்து.
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு சீட்டு.
அரைவாசிக்கு மேல் ஒரே மாதம்:
தொண்ணூற்றைந்து, ஒக்ரோபர்.

சங்கிலி, இரண்டே முக்கால் பவுண்.
காப்பு, ஒரு சோடி.
அட்டியல், கல் ஒன்று இல்லை.
வைத்தவர் பெயர்கள்
இருபதாவது எழுத்தோடு வெட்டுப்பட்டிருந்தன.

பத்மலோஜினி அக்கா முகாமையாளர்.
"ஒரு இன்டெக்ஸ் போட்டால் நாலு செக்கனில் முடியும்,
சீட்டுகளை மூடினால் அதுவும் வேண்டாம்" என்றேன்.
ஸ்ரேப்ளரை அமத்தியபடியே சொன்னார்:
"மூட ஒருத்தரும் கையெழுத்து வைக்கமாட்டினம் பிள்ளை.
நீர் கெதியாக்கும். மூடாதையும்."
அதற்கும் கொழும்பிலிருந்து கடிதம் வர வேண்டியிருந்தது.
பன்னிரண்டு நாள்.

போட்டேன். நாலு செக்கன்.
இரவு இரண்டு பத்துக்கு மறுபடி சிவப்பு!
"இயல்பிலிருந்து விலகல்:
நெடுந்தீவு வழமையைவிட மிக விரைவு."
பதினொரு நிமிடத்தைத்தான்
பதினான்கு நாளும் அது படித்திருக்கிறது.
"கெதியா முடிச்சாலும் பிழையோ?"
யூட் சிரித்தான்.
எனக்குச் சிரிப்பு வரக் கொஞ்ச நேரம் எடுத்தது.
படித்ததை அழித்து
மீண்டும் முதல் நாள் என்று கொடுத்தேன்.

இப்போது பெரிய திரையின் இடது மூலையில்
ஒரு சின்னக் கட்டம் வைத்திருக்கிறேன்.
4112.
எச்சரிக்கை வரம்பு கேட்டது, வெறுமையாக விட்டேன்.
பச்சையாகவும் இல்லை, சிவப்பாகவும் இல்லை.
கணக்காய்வாளர் வந்தபோது
அது என்ன இலக்கம் என்று கேட்டார்.
சீட்டு என்றேன்.
அந்த நேரம் பார்த்துக் கறண்ட் போனது.
ஜெனறேற்றர் எழும்ப ஒன்பது செக்கன்.
அதற்கு வரம்பு பத்து.