நாற்பது டிகிரி

குதாயிஸியில் பிப்ரவரி.
ஹீட்டர் இருமுகிறது, சூடாவதில்லை.
உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொள்கிறேன்;
குளிர்ந்த கை பட்டால் எந்த முதுகும் இறுகிவிடும்.

ஒதாரி. வயது ஐம்பத்தொன்று. பியானோ தூக்குகிறவர்.
லிஃப்ட் இல்லாத ஐந்து மாடிகளில்
அவருக்கு எப்போதும் கீழ்ப்பக்கம்.
என் மேசையில் முதலாளியின் கடிதம்:
'நடிக்கிறாரோ என ஐயப்படுகிறோம்.'

குதிகாலில் நடங்கள் என்றேன், நடந்தார்.
நுனிக்காலில் என்றேன்.
வலது எழும்பியது.
இடது சற்று யோசித்துவிட்டுத்
தரைக்கே திரும்பியது.
சுவரைப் பிடித்தபடி மன்னிப்புக் கேட்டார்,
யார் வீட்டுக் கதவையோ இடித்துவிட்டவர் போல.

படுக்கவைத்து, முட்டி மடங்காமல்
இடக்காலை உயர்த்தினேன்.
இருபது. முப்பது.
நாற்பதில் மூச்சு நின்றது.
வலக்காலை உயர்த்தினேன்.
"வலிப்பது இடதுதான்" என்றார்.
அது எப்படி என்று அவருக்கே வெட்கம்.

பிறகு கட்டில் விளிம்பில் உட்காரவைத்து,
பாதத்தில் ஆணி இருக்கிறதா பார்க்கிறேன் என்று
ஒரு பொய் சொல்லி
மெல்ல முட்டியை நீட்டினேன்.
நடிப்பவன் இந்த இடத்தில் மறந்துபோவான்.
ஒதாரி இரு கைகளையும் மெத்தையில் ஊன்றிப்
பின்னால் சாய்ந்தார்.
அந்த அறையில் நடித்தவள் நான் ஒருத்திதான்.

கண்ணை மூடச் சொல்லி
உடைத்த குச்சியின் முனையால் தொட்டேன்.
பெருவிரல்: "கூர்மை."
சுண்டுவிரல் ஓரம் மூன்று முறை குத்திய பின்
கேட்டார்:
"ஆரம்பித்துவிட்டீர்களா?"

சுத்தியல். இரண்டு முட்டிகளும் துள்ளின.
வலது குதிகால் நரம்பு உதைத்தது.
இடதில் தட்டினேன்; விரல்களைக் கோத்து
இழுக்கச் சொல்லி மறுபடி தட்டினேன்.
ஒன்றுமில்லை.
"கட்டை அமுங்கும், சத்தம் வராது," என்றார் எட்டிப் பார்த்து.
"உள்ளே கம்பி போயிருக்கும்.
அதைப் பார்ப்பவன் வேறு ஆள்,
நான் தூக்குவதோடு சரி."

கடைசியாக, கேட்டே ஆகவேண்டியதைக் கேட்டேன்:
சிறுநீர் தடையில்லாமல் போகிறதா,
உட்காருமிடம் மரத்திருக்கிறதா.
ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.
இன்றிரவே கத்தி வேண்டாம். அந்த மட்டும் நிம்மதி.

டேப்பைச் சுற்றி அளந்து, கடிதத்தின் பின்பக்கமே எழுதினேன்:
இடது கெண்டைச் சதை
இரண்டு சென்டிமீட்டர் இளைத்திருக்கிறது.
சதைக்கு நடிக்கத் தெரியாது.

கதவருகே நின்றவர்
என் இரும்பு பீரோவை அளந்தார்,
கண்ணால் மட்டும்.
"இதற்கு மூன்று பேர் வேண்டும்" என்றார்.