கும்பிடும் கை

எங்கள் வார்டில் ஏழு வேட்பாளர்கள்.
ஏழு பேரும் போஸ்டருக்கு வந்தது
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டருகே என் கடைக்குத்தான்.
முகம் கொண்டுவந்தார்கள், பெயர், சின்னம், வாக்குறுதி.
கும்பிடும் கையை ஒருவரும் கொண்டுவரவில்லை.

பிலோமினா அக்கா தந்தது ஆதார் படம்,
கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை.
மாஜி கவுன்சிலர் தணிகாசலத்துக்கு
எந்தப் படத்திலும் ஒரு கையில் போன்.
சுயேச்சை நாகூர் மீரான், தையல் மெஷின் சின்னம்,
மகள் கல்யாண ஆல்பத்திலிருந்து உருவித் தந்தார்.
அதில் கை பிரியாணிக்குள் இருந்தது.

காசிமேட்டில் ஐஸ் பாளம் இறக்கும் தேசப்பன்
ஜெராக்ஸ் எடுக்க வந்தவனை நிறுத்தி
"கும்புடு நைனா" என்றேன்.
கும்பிட்டான்.
ஒரே க்ளிக்.

தண்ணீர் லாரி நிற்கும் மூலையில்
கழிப்பிடச் சுவரில், டாஸ்மாக் சந்தில்
இப்போது ஏழு முகங்களுக்குக் கீழேயும் அவன் கை.
ஆளுக்குத் தக்கபடி நிறத்தை வெளுத்தேன்.
தணிகாசலத்துக்கு மூன்று மோதிரம்,
அக்காவுக்கு நாலு வளையல்.
ஐஸ் பாளம் விழுந்து கோணிய சுண்டுவிரலை மட்டும்
நிமிர்த்த மறந்துவிட்டேன்.

ஓட்டுப்பதிவுக்கு மறுநாள் வந்தான்.
"ஜெயிச்சவங்க நன்றி போஸ்டர் அடிப்பாங்கல்ல,
பழைய போட்டோவே போடு. இந்த மை இப்போ போவாது."

யாருக்குப் போட்டாய் என்று கேட்டேன்.

"எங்க சந்துக்கு எவனும் வரல நைனா.
என் கைதான் வந்து
என்கைல ஓட்டு கேட்டுச்சி."