தீக்குச்சி

வரேனா கால்நடைத் துறையின் வண்டி
பைன் காட்டு மணல் பாதையில் நின்றபோது
ஸீக்மாஸ் வாசலுக்கு வரவில்லை.
பெட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தார்.
பதினொரு பெட்டி,
நீலம், மஞ்சள், நீலம், நீலம்.

"சுண்ணாம்பு நோயாக இருக்கும், ஸ்கைஸ்தே" என்றார்
நான் கேட்கும் முன்பே.
"மே முழுக்க ஈரம்."
சுண்ணாம்பு நோய் என்றால்
சட்டத்தை உலுக்கும்போது கலகலக்கும்,
புழுக்கள் வெண்கட்டிகளாய்.
உலுக்கினேன்.
சத்தமில்லை.

முட்டை முதல்நாள் ஊசியாய் நிற்கும்,
மறுநாள் சாயும்,
மூன்றாம் நாள் படுக்கும்.
பிறகு அது வாய். வெறும் வாய்.
தலைக்குள் சுரந்த பாலோடு
செவிலித் தேனீ எத்தனை முறை குனிகிறாள் என்று
எண்ண உட்கார்ந்த என் வகுப்புத் தோழன்
தூங்கிவிட்டான்.
ஒன்பதாம் நாள் அறைக்கு மெழுகு மூடி.
இருபத்தோராம் நாள்
மூடியைக் கடித்துத் திறந்து வருகிறவளுக்கு
முதல் வேலை
அறைகளைத் துடைப்பது.

அங்கேதான்.
பக்கத்து அறையின் தரையில்
கறுத்த செதிலாய் ஒட்டியிருக்கிறாள்
வெளியே வராத ஒருத்தி.
இவள் நாவால் சுரண்டுகிறாள்.
இவளுக்கு ஒன்றும் ஆகாது,
வளர்ந்தவர்களை அந்தக் கிருமி தொடுவதில்லை.
சில நாளில் அதே வாயோடு போய்
பொரித்து ஒரு நாளான குழந்தைக்கு
ஊட்டுகிறாள்.

யாரைச் சொல்ல.

மூடிகள் குழிந்திருந்தன,
எண்ணெய் பட்ட தாள்போல. சிலவற்றில் ஓட்டை.
தச்சுப்பட்டறைப் பசைச்சட்டியின் வாடை.
தீக்குச்சியின் மருந்தில்லாத முனையை
ஓர் அறைக்குள் விட்டு மெல்ல இழுத்தேன்.
பழுப்பு நூல் வந்தது.
ஒரு விரற்கடை,
இன்னும் கொஞ்சம்,
அறுந்து சுருண்டு உள்ளே போனது.
ஸீக்மாஸ் நூலைப் பார்க்கவில்லை,
என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கு பெட்டிகளில் நூல் வந்தது.

"பழைய சட்டங்கள் எங்கே வாங்கியது?"
"வாங்கவில்லை. யுவோஸபாஸுடையவை.
அவன் பரணில் கிடந்தன.
மகள் எடுத்துக்கொள்ளச் சொன்னாள்."
கொஞ்சம் நிறுத்தி, "பிச்சுலிஸ்" என்றார்.
எங்கள் மொழியில் நண்பன்.
அந்தச் சொல்லுக்குள்ளேயே தேனீ இருக்கிறது.
யுவோஸபாஸ் போய் ஆறு வருடம்.
பரணில் வித்து உறங்கியது
அதற்கும் முன்னாலிருந்து.
நாற்பது ஆண்டு உறங்கும் என்பார்கள்,
அதற்கு மேல் காத்திருந்து பார்த்தவர்கள் குறைவு.

ஜூனில் இங்கே
இரவு பத்தரைக்கும் வெளிச்சம் போகாது.
கடைசிக்காரி வீடு திரும்பும்வரை
எரிக்கக் கூடாது. காத்திருந்தோம்.
குழி தோண்டியாயிற்று,
தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லியாயிற்று,
கம்பு ரொட்டி தின்றாயிற்று.
அவர் போலியோவைப் பற்றிப் பேசினார்,
பிறகு உருளைக்கிழங்கு விலை.
பதினொன்றாகும்போது ஒருத்தி வந்தாள்,
கால்களில் மஞ்சள் மூட்டையோடு,
அவசரமே இல்லாமல்.
வாசலில் பாசியை அடைத்தார்.

பெட்ரோல் ஊற்றினேன்.
சட்டைப் பையில் வேறு குச்சி இல்லை,
காலையில் நூல் இழுத்ததுதான் இருந்தது,
மருந்து முனை பழுதில்லாமல்.
முதல் உரசலிலேயே பற்றிக்கொண்டது.

மெழுகு எரியும் வெளிச்சத்தில்
படிவத்தைத் திறந்தேன்.
'அழிக்கப்பட்டவை' என்று ஒரு கட்டம்.
"அப்படி எழுதாதே" என்றார்.
எங்கள் மொழியில் மாட்டுக்கு ஒரு சாவுச்சொல்,
நாய்க்கும் அதே.
மனிதருக்கு வேறு சொல்.
தேனீக்கு மனிதரின் சொல்.
கட்டம் எண்ணை மட்டுமே ஏற்றுக்கொண்டது.
நான்கு என்று போட்டேன்.
அந்தச் சொல்லை வாயால் சொன்னேன்,
அவருக்குக் கேட்டதா தெரியவில்லை,
குழி சடசடத்துக்கொண்டிருந்தது.

கிளம்பும்போது ஒரு ஜாடி கொடுத்தார்,
போன வருடத்து லிண்டன் தேன்.
மனிதர் தின்னலாம், ஒன்றும் செய்யாது.
இரண்டு வாரத்தில் தீர்த்துவிட்டேன்.
ஜாடியையும் மூடியையும் கரண்டியையும்
கொதிநீரில் மூன்று முறை கழுவினேன்,
கழுவிய நீரைச் சாக்கடையில் விட்டேன்,
சன்னலைச் சாத்திவிட்டு.
வெளியே பக்கத்து வீட்டு மரம் பூத்திருந்தது,
யாரோ ஒருத்தி கண்ணாடியில் முட்டிக்கொண்டிருந்தாள்.