இருபத்தைந்து, முப்பத்தேழு

திங்களன்று விதைத்தது.
வெள்ளி காலை தட்டைத் திருப்பினால்
அடிப்பக்கம் சிவந்திருக்கிறது.
மேலே பச்சைச் சாம்பல் பூத்த வெல்வெட்.
கீழே ஊட்டக்கூழ் முழுக்க
புதுத்துணி ஊறிய வாளித் தண்ணீர்.

"வந்துட்டியா" என்றேன் சத்தமாக.
குளிர்பெட்டி மட்டும் முனகியது.

பயாவ் மருத்துவமனை, இரண்டாம் மாடி,
பூஞ்சை மேசை. ஜன்னலில் ஏரி.
பதினெட்டு வருடமாக எனக்கு
பெயர் கண்டுபிடிக்கும் வேலை.

இந்தக் குழாய்க்குரியவனுக்குப் பெயர் இல்லை.
ஆண், இருபத்தாறு, லிச்சித் தோப்புக் கூலி.
பெயர்க் கட்டத்தில் செவிலி காம்லா
ஒரு கோடு இழுத்திருந்தாள்.
"சொன்னால் எல்லைக்கு அப்பால் அனுப்பிவிடுவீர்கள்
என்கிறான். ஊசி போடு, பெயர் கேட்காதே என்கிறான்."

திங்களன்று நானே வார்டுக்குப் போனேன்.
முகமெல்லாம் கொப்புளம்,
ஒவ்வொன்றின் நடுவிலும் தொப்புள் மாதிரி ஒரு குழி.
ஒன்றைச் சுரண்டினேன். வலிக்கிறதா என்றேன்.
அவன் ஷான் மொழியில் ஏதோ சொன்னான்.
பாதி புரிந்தது.
எங்கள் பேச்சும் அவர்கள் பேச்சும்
ஒரே சுவரின் இரண்டு பக்கம்.

கண்ணாடித் துண்டைச் சாயத்தில் நனைத்து
லென்ஸுக்குக் கீழே தள்ளினேன்.
வெள்ளணுவின் வயிற்றுக்குள்
நொய்யரிசி நொய்யரிசியாய்.
புதிதாய் வருகிறவர்கள் இங்கேதான் வழுக்குவார்கள்.
வௌவால் எச்சத்தில் வளரும் ஹிஸ்டோபிளாஸ்மாவும்
இப்படித்தான் உள்ளே குடியிருக்கும்.
ஆனால் அது மொட்டு விடும்,
இடுப்பில் பிள்ளை தூக்கியதுபோல.
இது விடாது.
குறுக்கே ஒரு சுவர் எழுப்பும்,
பாகம் பிரித்த வீடு மாதிரி,
அப்புறம் இரண்டாகும்.

அரை மணி நேரம் சுவர் தேடினேன்.
ஏழு கிடைத்தன.
அன்றே வார்டுக்குப் போன் செய்தேன்.
டாக்டர் பைரோஜ் வளர்ப்புக்குக் காத்திருக்கவில்லை,
மருந்தை ஏற்றிவிட்டார்.
மூங்கில் எலி தின்றாயா என்றும் கேட்டாராம்.
எலியிடம் இருந்தா, மண்ணில் இருந்தா,
அது இன்னும் யாருக்கும் தெரியாது.
கேட்டு வைப்பது ஒரு பழக்கம்.

அதே விதை, இரண்டு தட்டு.
இருபத்தைந்து பாகையில் பூஞ்சணம்,
தூரிகை தூரிகையாய்க் கிளைத்துச் சிவக்கும்.
முப்பத்தேழில், உடம்புச் சூட்டில்,
நிறத்தைக் கழற்றிவிட்டு
தயிராடை போல வெளிறிக் கிடக்கும்.
அந்தப் பக்கம் ஒரு ஆள்,
இந்தப் பக்கம் ஒரு ஆள்.
பிழைக்க வந்த இடத்தில் உரு மாற்றுவதை
நான் என்ன குறை சொல்வது?

பெயரும் மாறியதுதான்.
நான் படிக்கையில் பெனிசிலியம்.
பரீட்சையில் அதை எழுதித்தான் தேறினேன்.
பிறகு எங்கோ மரபணுவைப் படித்தவர்கள்
இது அந்தக் குடும்பமே இல்லை,
டாலரோமைசஸ் என்றார்கள்.
நாற்பத்தொரு குழாய்களின் சீட்டை உரித்து
புதிது ஒட்டினேன் ஒரு மழைக்கால மதியம்.
பூஞ்சைக்கு ஒன்றும் ஆகவில்லை.
சில குழாய்களில் பழைய மை
பசைக்கு அடியில் இன்னும் தெரிகிறது.

வெள்ளி மாலை அறிக்கையோடு நானே இறங்கினேன்.
உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான்.
குழிகள் காய்ந்து பொருக்கு கட்டியிருந்தன.
"அதுக்குப் பேர் என்ன?"
சொன்னேன். டாலரோமைசஸ் மார்னெஃபி.
இரண்டு முறை சொல்லிப் பார்த்து, நாக்கு சுளுக்கி,
"அது வாய் திறந்தா சொல்லிச்சு?
நீயாத்தானே கண்டுபிடிச்சே.
அப்படியே என் பேரையும் கண்டுபிடி" என்றான்.

காம்லா சிரித்தாள்.

பார்த்தேன்.
மணிக்கட்டில் நீலப் பச்சை, நான்கு எழுத்து.
சோறு என்பதை அவன் இழுக்கும் இழுப்பு.
ஒரு வாரம் கொடுத்தால்
ஊர்வரை போயிருப்பேன். தொழில் அது.

"கஞ்சி ஆறுது" என்றேன்.

மாடியேறி
நாற்பத்திரண்டாம் குழாய்க்குச் சீட்டு எழுதினேன்.
இனம், சிற்றினம், தேதி, அவன் எண்.
இப்போதெல்லாம் பென்சிலால்.