காலாவதி

மாதம் ஒருமுறை வருவேன்.
மஸ்ஜித் ஜாமிக், பசார் செனி, கேஎல் சென்ட்ரல்.
சுவரில் தொங்கும் வெள்ளைப் பெட்டிகளுக்கு
நான்தான் ஆள்.
பச்சை விளக்கு சிமிட்டுகிறதா,
பேட்டரி தாங்குமா,
நெஞ்சில் ஒட்டும் பட்டைகள் காய்ந்துவிட்டனவா.
பிரிக்காமல் கிடந்தே காலாவதியாகும் அவை.
குப்பையில் போடும்போதெல்லாம்
காசுக்குக் கேடு என்பார் கணக்கர்.
எனக்கு ஒருநாளும் அப்படித் தோன்றியதில்லை.
பிரிக்காத உறை ஒவ்வொன்றும்
யாரோ வீடுபோய்ச் சேர்ந்த ஒரு சாயங்காலம்.

நேற்று மஸ்ஜித் ஜாமிக்கில் பெட்டி காலி.
கருவி முகப்பறையில் இருந்தது,
நாசி லெமாக் வாங்கிய பையில்.
பட்டைகளில் கொஞ்சம் நரைமுடி.
நூலோடு பிய்ந்த ஒரு சட்டைப் பொத்தான்.
வியர்வையில் குழைந்த திருநீறு.

மடிக்கணினியில் கோத்தேன்.
அதற்கு எல்லாம் ஞாபகமிருக்கும், பெயரைத் தவிர.
காலை ஏழு நாற்பத்தொன்று: மூடி திறந்திருக்கிறது.
இதயம் நின்றிருக்கவில்லை;
தாளம் மறந்து நடுங்கியிருக்கிறது.
யாரும் தொடாதீர்கள் என்று கருவி சொல்கிறது.
அதற்குப் பிறகும்
விசை அழுந்த ஒன்பது நொடி.
பிறகு ஒரே ஓர் அதிர்ச்சி.
பிறகு யாரோ கைகளால் அழுத்தி அழுத்தி
இரண்டு நிமிடம்.
மறுபடி சோதித்துவிட்டு,
அதிர்ச்சி தேவையில்லை என்றிருக்கிறது.

துடிப்பு திரும்பினாலும் அதைத்தான் சொல்லும்.
அறவே அடங்கிவிட்டாலும் அதைத்தான் சொல்லும்.
கோட்டை நகர்த்திப் பார்த்தால் தெரியும்.
விரல் நகரவில்லை.

'அந்த ஒன்பது நொடி நான்தான்,'
பின்னால் நின்ற ஹயாத்தி மலாயில் சொன்னாள்.
முகப்பில் சீட்டு விற்பவள்.
'கையைப் பிடித்துக்கொண்டார்.
உதறிவிட்டு எடுக்க
மனசு வரல.'
ஆஸ்பத்திரியில் கேட்டாளாம்.
சொந்தக்காரியா என்றார்களாம்.

நகர்த்தினேன்.
அழுத்தல் நின்ற இடத்தில்
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு ஒரு மேடு.
வெகுதூரம் தள்ளி இன்னொன்று.
அப்புறம் நெருங்கி நெருங்கி,
ஆள் நடக்கிற மாதிரி.
ஹயாத்தி திரையில் விரல்வைத்து எண்ணினாள்,
பதினேழு வரை.
ஏழு ஐம்பதுக்கு யாரோ அணைத்திருக்கிறார்கள்.
அதற்குமேல் எனக்கும் தெரியாது என்றேன்.

பொத்தானை அவள் கேட்டாள், கொடுத்தேன்.
புதுப் பட்டைகள் வைத்துத் தேதி எழுதினேன்.
மூடியதும் கருவி சற்றுநேரம்
தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும்.
முகப்பில் வரிசை நீண்டுவிட்டது;
ஹயாத்தி யாருக்கோ சில்லறை எண்ணினாள்.
பச்சை சிமிட்டியது.
அடுத்து பசார் செனி.