இயந்திரத்தில் இல்லாத பாட்டு

கொலீன் ஊரில், லாபெ ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
'மூன்று கெண்டை' என்று ஒரு பீர்க்கடை.
பதினோரு வருடமாய் அங்கே கோப்பை கழுவுகிறேன்.
வெள்ளிக்கிழமையானால் தொழிற்சாலைக்காரர்கள் வருவார்கள்,
கழுத்து அடையாள அட்டையைக் கழற்ற மறந்து.
கரோக்கே இயந்திரம் ஜப்பான்காரர்கள் வாங்கிவைத்தது.
செக் எழுத்து வந்தால் மட்டும் அது
தலைமேல் இருக்கும் கொக்கிகளை உதிர்த்துவிட்டு
கட்டம் கட்டமாய்க் காட்டும்.

குஸுமாகிக்கு எங்கள் கூடாரப் பாட்டுகள்மேல் பைத்தியம்.
கித்தார், தீ, தகர டம்ளர், ஆறு.
ஆறுதான் அவருக்குக் கண்டம்.
எங்கள் ஆற்றுக்கு முதலெழுத்து
ரகரமும் ஷகரமும் ஒரே வாசலில் முட்டிக்கொள்வது;
எங்கள் பிள்ளைகளே ஐந்து வயதுவரை அதில் வழுக்கி விழும்.
நாக்கை மேலே வைத்து நடுக்குங்கள் என்றேன்.
நடுக்கினார்.
மூக்குக் கண்ணாடி நடுங்கியது.
வாயில் வந்தது 'ரேகா'.
மறுவாரமும் ரேகா.
ஆறு எங்கள் மொழியில் பெண்பால்;
குளிர்காலம் முழுக்க ரேகா
கரைபுரண்டு ஓடினாள்.

வெல்டிங் பட்டறை வெண்டலீன் நேரெதிர்.
காதில் விழுந்தால் பிடித்துக்கொள்வான்,
பொருள் கேட்கமாட்டான்.

ஒருநாள் கடை சாத்தும் நேரம்,
இயந்திரத்தை அணைத்தாயிற்று, நாற்காலிகள் மேசைமேல்,
குஸுமாகி எதையோ முனகினார்.
மெல்ல, நாலே வரி.
முடித்தபோது கண் நனைந்திருந்தது.
கைக்குட்டை என்னிடம் இல்லை.
கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டையைக் கொடுத்தேன்.
ஒற்றிக்கொண்டார்,
மடிக்க வராமல் அப்படியே சட்டைப்பையில் செருகினார்.

வெண்டலீன் அந்த நாலு வரியை எடுத்துக்கொண்டான்.
யாரும் தரவில்லை, தடுக்கவும் இல்லை.

பிறகு குஸுமாகியை ஊருக்குத் திரும்ப அழைத்துவிட்டார்கள்.
வெண்டலீனின் மனைவி பார்துபிட்ஸேக்குப் போனாள்,
தையல் இயந்திரத்தோடும் வேறொருவனோடும்.
அன்றிரவு பாடினான்.
அண்ணனை அடக்கம் செய்த அன்றும் அதையே.
ஐஸ் ஹாக்கியில் ஸ்வீடனிடம் தோற்றபோதும்
யாரோ கேட்க, பாடினான்.
நாலு வரியை மூன்று நிமிடம் இழுப்பான்.
இரண்டாவது வரி முடிவில் ஓர் இறக்கம் இருக்கிறது,
அதில் கடையே ஒருபடி கீழே போகும்.

போன மாதம் புதிதாய் வந்த தோமோநோரி
அதைக் கேட்டான்.
வாயிலிருந்த பீர் மேசையெங்கும்.
'கண் சொட்டு மருந்து!' என்றான்.
அப்பா பதிவுசெய்த பழைய வீடியோ நாடாக்களில்
தொடருக்கு நடுவே வருமாம்.
களைத்த கண்ணே, கலங்காதே,
காலையில் இரண்டு சொட்டு, மாலையில் இரண்டு,
மருந்துக்கடையில் பெயர் சொல்லிக் கேள்.
பதினைந்து நொடி.

நானும் சிரித்தேன். விலா வலிக்கும்வரை.
பாத்திரத் தொட்டிக்குத் திரும்பியபிறகுதான்
அந்த அட்டை ஞாபகம் வந்தது.
அந்தப் பதினைந்து நொடியில்
யார் எழுந்து தேநீர் போடப் போனது?
யார் திரும்பி வந்து
என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கதை கேட்டது?
தோமோநோரிக்குத் தெரியாது.
எனக்கு முகவரி இல்லை.

வெண்டலீனிடம் சொல்லாதே என்றேன்.
ஒரு பீர் கணக்கில் ஏறவில்லை.

இன்று வெள்ளி.
மைக்கை ஒதுக்கிவிட்டு எழுந்துவிட்டான்.
பொறி தின்ற கண்கள் இரண்டையும்
இறுக மூடித்தான் பாடுவான், எப்போதும்.
நான் குழாயை நிறுத்துகிறேன்.